குறுகிய கம்பியும் புணர்ச்சி விதியும்

சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்துக் கணினியை உயரமான புதிய பெட்டிக்கு மாற்றினோம். எல்லாம் பொருந்திய பின்னர் இரண்டு குறைகள் தென்பட்டன. பின்புற மின்விசிறியின் கம்பி தாய்ப்பலகையை எட்டவில்லை. மேல்தட்டில் அமர்ந்த வன்தட்டின் தரவுக் கம்பியும் நான்கு விரற்கடை குறைந்தது. கள்ளக்குறிச்சிக் கடையொன்றில் கேட்டோம். "விசிறியையே மாற்றிவிடுங்கள் ஐயா" என்றார்கள். நான்கு விரற்கடைக் கம்பிக்காக, நன்கு சுழலும் விசிறியைக் குப்பையில் எறிவதா? நாமே நீட்டத் துணிந்தோம்.

மின் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்கினோம். விசிறிக்கு மூன்று கம்பிகள்: ஒன்று 12 வோல்ட் மின்சாரம் தருவது, ஒன்று திரும்பும் வழி, மற்றொன்று சுழலும் வேகத்தைத் தெரிவிப்பது. பழைய விசிறியொன்றிலிருந்து அதே பருமனுள்ள கம்பியை எடுத்தோம். ஒட்டுகள் அருகருகே அமைந்து உரசாதவாறு ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் வெட்டினோம். சூட்டில் சுருங்கும் குழாயை முதலில் கோத்தோம். முறுக்கி ஈயம் வைத்த பின்னர் குழாயை நகர்த்திச் சூடுகாட்டி மூடினோம். குழாயைக் கோக்க மறந்து ஈயம் வைத்தால் மீண்டும் அவிழ்க்க வேண்டியதுதான். வெறும் ஒட்டுநாடா பெட்டியின் வெப்பத்தில் நாளடைவில் கழன்றுவிடும். விசிறி சுழன்றது.

வெற்றி தந்த செருக்கில் தரவுக் கம்பியையும் வெட்டினோம். அங்கேதான் பிழைத்தோம்.

அவ்வன்தட்டில் இருந்தவை எளியவை அல்ல. நம் மாணவர்கள் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி முதியோரிடம் ஒலிப்பதிவு செய்த பாடல்கள் அவை. பாடியோருள் சிலர் இன்று இல்லை. படியெடுத்து வேறிடத்தில் வைக்காத குற்றம் நம்முடையது. கணினியை இயக்கினோம், வன்தட்டு தென்படவில்லை. அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

மறுநாள் காரணம் விளங்கியது. சாட்டா தரவுக் கம்பியில் ஏழு இழைகள். அவற்றுள் நான்கு இரண்டு இணைகளாக நின்று நொடிக்கு 600 கோடி துணுக்குகள் வரை கடத்துகின்றன. இவ்விணைகளின் இடைவெளி மாறாதிருத்தல் வேண்டும். வெட்டி முறுக்கிய இடத்தில் அது குலைகிறது. குறிப்பலை எதிரொலித்துச் சிதைகிறது. இக்கம்பிக்கு ஒரு மீட்டரே எல்லை. அவ்வெல்லைக்குள் அடங்கும் நீண்ட புதுக்கம்பி ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். பாடல்கள் அனைத்தும் அப்படியே இருந்தன. முதல் வேலையாகப் படியெடுத்தோம்.

இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது புதிதாயிருந்திருக்கலாகாது. பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை, எம்மாற்றமுமில்லை. மரமும் வேரும் சேர்ந்தாலோ மரவேர், ஓரெழுத்துக் கெடுகிறது. இயல்பாகப் புணர்வன, விகாரப்பட்டுப் புணர்வன என்று நன்னூல் பகுத்துரைப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். விசிறிக் கம்பி முதல்வகை. தரவுக் கம்பி இரண்டாம் வகை. ஆளியின் சிறு கம்பி, விளக்கின் கம்பி ஆகியவற்றையும் அஞ்சாமல் நீட்டலாம். செயலிக்கு மிகுந்த மின்னோட்டம் தரும் தடித்த கம்பிக்கு மட்டும் ஆயத்த நீட்சிக் கம்பியே தக்கது; மெலிந்த கம்பியை ஒட்டினால் அது சுட்டுருகும். மின்வழங்கிப் பெட்டியையோ திறக்கவே கூடாது. இணைப்பைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

நடுவணரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையவாசல் ஒன்றைத் திறந்தது. வரவேற்போம். எனினும், உரிமை கிடைத்தும் அறிவு இல்லையேல் பயனென்ன? வெள்ளிமலையிலிருந்து ஒரு மாணவன் ஒரு கம்பிக்காகக் கச்சிராயபாளையம் வழியே பேருந்தில் இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து மீள ஒருநாள் கழிகிறது. கடைக்காரர் "மாற்று" என்று சொன்னால் அவன் குடும்பத்தின் பல நாள் கூலியும் கழிகிறது. அவனுக்கு ஈயம் வைக்கும் கோல் ஒன்றையும், எதை நீட்டலாம், எதை நீட்டலாகாது என்னும் பகுத்தறிவையும் தருவது கல்லூரியின் கடன். எத்துறை மாணவனாயினும், தமிழ் மாணவனாயினும், ஒருநாள் பயிற்சி போதும்.

வரும் பருவத்தில் நம் துறையிலேயே அதனைத் தொடங்க எண்ணியுள்ளோம். முதற்பாடம், பெட்டியைத் திறக்குமுன் படியெடுத்தல்.