அபராதச் சீட்டும் தொழிலாளியின் ஐநூறு ரூபாயும்

நகரத்திலே வண்டியை நிறுத்த இடமில்லை. ஆனால், நிறுத்தியதற்கு அபராதம் போட மட்டும் ஒவ்வொரு தெருவிலும் இடமிருக்கிறது! ஆட்டோ ஓட்டும் தோழரும், குட்டியானையிலே மூட்டை ஏற்றும் தோழரும், ஆலைக்கு இரு சக்கர வண்டியிலே போய்வரும் தோழரும் அன்றாடம் அனுபவித்துவரும் தொல்லை இது. சவாரியை இறக்கிவிட்டுச் சில்லறை வாங்குவதற்குள் ஒரு படம் எடுக்கப்படுகிறது. பிறகு கைபேசிக்குச் செய்தி வருகிறது: இன்ன இடத்தில் வண்டியை நிறுத்தினீர், ரூ. 500 செலுத்துக!

“போனது போகட்டும், போலீசாரோடு நமக்கேன் வம்பு” என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். தவறு செய்தவர் கட்டுவது முறை. அதிலே நமக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால், தவறே செய்யாதவரும் கட்டிவிடுகிறாரே, அது ஏன்? பயமா? அறியாமையா? இரண்டும் உண்டுதான். எனினும், அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது ஒரு கணக்கு.

ஐநூறின் கணக்கு

1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவு, தனியாகத் தண்டனை குறிப்பிடப்படாத பொதுவான குற்றங்களுக்கு உரியது. அதன்படி முதல் தடவைக்கு 100 ரூபாய் வரைதான் அபராதம் இருந்தது. 2019-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தியது. முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை, மறு தடவைகளுக்கு 1,500 ரூபாய் வரை என்று ஆயிற்று. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்ந்த விகிதங்கள் அமலுக்கு வந்தன.

அபராதம் ஐந்து மடங்கு ஏறியது. கூலி ஐந்து மடங்கு ஏறிற்றா? 2013-ல் சர்க்கார் நிர்ணயித்த ஆட்டோ கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்த 12 ரூபாய்க் கணக்கிலே பார்த்தால், 500 ரூபாய் சேர்க்க 41 கிலோமீட்டருக்கு மேல் சவாரியோடு ஓட வேண்டும். வெறும் வண்டியாகத் திரும்புவது தனி. எரிபொருள் தனி. வண்டிக் கடனுக்கான தவணை தனி. பெரிய காரிலே வந்து இறங்கும் சீமானுக்கும் அதே 500 ரூபாய்தான். அவருக்கு அது ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. தொழிலாளிக்கோ குடும்பத்தின் ஒரு நாள் அடுப்பு!

இனி இரண்டாவது கணக்கைப் பாருங்கள். அநியாயமான அபராதத்தை எதிர்ப்பதென்றால் கோர்ட்டு வரை போக நேரிடலாம். ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போயிற்று. வாய்தா விழுந்தால் இன்னொரு நாள். வக்கீலுக்குக் கொடுப்பது வேறு. ஆகவே, குற்றமற்றவர் எதிர்த்து நிற்பதைவிடக் குற்றவாளியாகப் பணம் கட்டுவது மலிவாகிவிடுகிறது. அநியாயச் சீட்டுக்கு உயிர் கொடுப்பது அதிகாரியின் பேனா மட்டுமல்ல. தனி மனிதனால் எதிர்க்க முடியாதபடி அமைந்துவிட்ட இந்தக் கணக்குத்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

பொது நிலம் என்றதும், சர்க்காருக்குச் சொந்தமான நிலம், நமக்கு அதிலே பாத்தியதை ஏது என்று எண்ணுகிறோம். அது தவறு. பொதுமக்கள் வந்துபோக உரிமையுள்ள சாலை, தெரு, வழி முதலியவையே “பொது இடம்” என்று மோட்டார் வாகனச் சட்டம் தன் 2-வது பிரிவிலே விளக்கம் சொல்கிறது. மக்களின் உரிமைதான் அந்த இடத்தின் இலக்கணம்!

அந்த இடத்தில் வண்டியை நிறுத்துவதே குற்றமா? இல்லை. 122-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, மிதமிஞ்சிய அசௌகரியமோ விளையும்படி, அல்லது விளையக்கூடியபடி, பொது இடத்தில் வண்டியை விட்டு வைக்கக்கூடாது என்றுதான் அது சொல்கிறது. நிறுத்துவதைத் தடுப்பதற்கென்று ஓரிடத்தை முறைப்படி ஒதுக்கி, அதை மக்கள் அறியும்படி பலகை நாட்டினால் அங்கே நிறுத்துவதும் குற்றமே. பலகை நாட்டும் அதிகாரம் 116-வது பிரிவில் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வண்டிகள் எங்கெங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று, உள்ளூர் நிர்வாகத்தைக் கலந்துகொண்டு தீர்மானிக்கும் அதிகாரத்தை 117-வது பிரிவு மாநில சர்க்காருக்குக் கொடுத்திருக்கிறது. வாடகை வண்டிகள் ஆட்களை ஏற்றி இறக்கும் நேரத்துக்கு மேலும் நின்றிருக்க இடம் குறிப்பதும் அதே பிரிவுதான். “நிறுத்தாதே” என்று சொல்லும் அதிகாரத்தைத் தேடித் தேடி உபயோகிக்கிறவர்கள், “இங்கே நிறுத்து” என்று சொல்லும் அதிகாரத்தை எத்தனை கடைவீதிகளில், எத்தனை ரயிலடிகளில் போதுமான அளவுக்கு உபயோகித்திருக்கிறார்கள்?

வண்டியை இழுத்துக்கொண்டு போகிறார்களே, அதற்கும் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடந்தாலும், தடை செய்யப்பட்ட இடத்தில் நின்றாலும், அந்த எல்லைக்குரிய சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி உத்தரவு கொடுத்து அகற்றலாம் என்கிறது 127-வது பிரிவு. இழுவை வண்டிக்காரர் தாமாக முடிவு செய்து கொக்கி மாட்டுவதற்குச் சட்டத்திலே இடமில்லை.

கட்டுவது என்றால் ஒப்புவது

தோழர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. தெருவிலே சீட்டு எழுதுகிற அதிகாரி நீதிபதி அல்ல. அவர் கேட்கும் தொகை கோர்ட்டு விதித்த தண்டனையும் அல்ல. 200-வது பிரிவின்படி, வழக்குக்குப் போகாமல் விஷயத்தை இணங்கி முடித்துக்கொள்ளச் செலுத்தும் தொகை அது. இணங்குவதென்றால் இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். சம்மதமில்லையேல், நான் வழக்காடுகிறேன் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அப்போது குற்றத்தை மெய்ப்பிக்கும் பாரம் வழக்குத் தொடுப்பவர்கள் தலையிலே விழுகிறது. பணம் கட்டிவிட்டாலோ விவகாரம் அத்துடன் முடிந்தது. கட்டிவிட்டுப் பிறகு நியாயம் கேட்பது, கதவைச் சாத்திவிட்டு விருந்தாளியை அழைப்பது போலத்தான்.

வழக்காடித் தோற்றால் ஒன்றுக்குப் பத்தாகத் தண்டம் விழுமே என்ற பயம் பரவியிருக்கிறது. சீட்டிலே என்ன பிரிவு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 177 மட்டுமென்றால், முதல் தடவைக்குக் கோர்ட்டு விதிக்கக்கூடிய உச்ச அபராதமே 500 ரூபாய்தான். 177-ஏ என்றிருந்தால் 500-க்குக் குறையாமல் 1,000 வரை போகலாம். பிரிவு எண்ணைப் படிக்காமல் பயப்படுவதும் தவறு, படிக்காமல் துணிவதும் தவறு.

எதிர்க்கும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில. பலகை இருந்ததா? இருந்தால், கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததா, அல்லது மரக்கிளையிலும் விளம்பரத் தட்டியிலும் மறைந்து கிடந்ததா? நம் வண்டியால் யாருக்கேனும் வழி அடைபட்டதா? சீட்டிலுள்ள வண்டி எண்ணும் நேரமும் இடமும் சரியா? கேமரா மூலம் வரும் அறிவிப்புகளுக்காக 2021-ல் மத்திய சர்க்கார் சேர்த்த 167-ஏ விதி, குற்றத்தையும் வண்டி எண்ணையும் காட்டும் தெளிவான படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட பிரிவு ஆகியவை வேண்டும் என்றது. படத்திலே வண்டி மட்டும் தெரிகிறது, தடையும் தெரியவில்லை, பலகையும் தெரியவில்லை என்றால், அது வண்டிக்கு எடுத்த படமே தவிரக் குற்றத்துக்கு எடுத்த படமல்ல.

பலகைக்குப் பின்னால் உத்தரவு இருக்கிறதா என்பதையும் கேட்கலாம். 2005-ம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போட்டால் போதும். இந்தத் தெருவில் வண்டி நிறுத்தத் தடை விதித்த உத்தரவின் நகல் தருக, பலகை நாட்டிய தேதி தருக என்று எழுதுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். சீட்டிலே குறித்துள்ள கெடு அதற்குள் தீர்ந்துவிடலாமாகையால், பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைக் கோட்டைவிடக்கூடாது.

நம் பக்கத்திலும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். நடைபாதையிலே நிறுத்துவது, பாதசாரிகள் கடக்கும் கோடுகளின் மேல் நிறுத்துவது, பஸ் நிற்குமிடத்தையும் பள்ளி, ஆஸ்பத்திரி வாசலையும் அடைப்பது, இவற்றுக்குப் பலகையே தேவையில்லை. 2017-ம் வருட வாகன ஓட்டுதல் ஒழுங்குவிதிகளே தடுக்கின்றன. அந்த நடைபாதையில் நடப்பவர் யார்? கார் இல்லாத நம் தோழர்தான். ஆஸ்பத்திரி வாசலில் தவிப்பவர் யார்? தர்ம ஆஸ்பத்திரியைத் தவிர வேறு கதியற்ற நம் தாய்மார்தான். அங்கே விழும் அபராதம் நியாயமானது, கட்டிவிட வேண்டும். நியாயமானதை மறுப்பவனுக்கு அநியாயத்தை எதிர்க்கும் தகுதி கிடையாது.

லண்டனும் சிகாகோவும்

வண்டிகள் பெருகிவிட்டன, அபராதமில்லாமல் எப்படி ஒழுங்கு வரும் என்று கேட்பார்கள். ஒழுங்குக்காக என்றால் ஆதரிப்போம். வசூலுக்காக என்றால்? இந்த வேறுபாடு நமது கற்பனையல்ல. லண்டனிலே பார்னெட் என்ற பகுதியின் நகர நிர்வாகம், 2011-ல் குடியிருப்போர் தெருவில் கார் நிறுத்தும் அனுமதிக் கட்டணத்தை 40 பவுனிலிருந்து 100 பவுனாகவும், விருந்தினருக்கான சீட்டை ஒரு பவுனிலிருந்து நாலு பவுனாகவும் ஏற்றியது. குடிமக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013-ல் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தத்தான் சட்டம் இருக்கிறது, நிர்வாகத்தின் வருமானத்தைப் பெருக்குவதற்காக அதை உபயோகித்தது சட்டவிரோதம் என்பது தீர்ப்பின் சாரம். முதலாளித்துவ இங்கிலாந்தின் கோர்ட்டே ஒப்புக்கொண்ட நியாயம் இது!

வசூல் நோக்கம் தலைதூக்கினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகரம் சாட்சி. அங்கே 2008 டிசம்பரில், வண்டி நிறுத்தக் காசு வாங்கும் 36,000 மீட்டர்களை, மார்கன் ஸ்டான்லி தலைமையிலான முதலாளிகள் கூட்டுக்கு 75 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். திட்டத்தை அறிவித்த இரண்டொரு நாளிலேயே நகர மன்றம் 40-க்கு 5 என்ற வாக்கில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. கிடைத்த தொகை ஏறத்தாழ 115 கோடி டாலர். அந்தக் குத்தகையின் மதிப்பைவிட அது சுமார் 97 கோடி டாலர் குறைவு என்று, அந்நகரத்தின் தலைமை ஆய்வாளரே 2009-ல் அறிக்கை கொடுத்தார். அதோடு போயிற்றா? பழுது பார்க்கவோ, விழா நடத்தவோ நகரம் தன் சொந்தத் தெருவை மூடினால், வருமானம் குறைந்ததற்காகக் குத்தகைதாரருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தம்! குத்தகையோ 75 வருடத்துக்கு. அன்று குத்தகைக்குக் கை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் காசு போட்டுத்தான் வண்டியை நிறுத்த வேண்டும்.

நம் நாட்டு நகரங்களிலும் வண்டி நிறுத்தும் இடங்களின் வசூலைக் காண்டிராக்டர்களிடம் விடும் வழக்கம் இருக்கிறது. எனவே ஒவ்வொரு காண்டிராக்டு வரும்போதும் கேட்க வேண்டும்: எத்தனை வருடம்? என்ன தொகை? அபராதத்தில் யாருக்குப் பங்கு? தொழில் செய்யும் வண்டிகளுக்கு இடம் எங்கே?

சங்கம் செய்ய வேண்டியது

தனி மனிதனைத் தோற்கடிக்கும் கணக்கைச் சங்கத்தால் புரட்டிப்போட முடியும். ஒருவர் ஐநூறு ரூபாய்க்காக ஒரு நாளை இழப்பது நஷ்டம். ஒரே தெருவில், ஒரே மறைந்துபோன பலகையின் கீழ் சீட்டு வாங்கிய இருபது பேருக்கு ஒரே வக்கீல் வைத்தால், செலவு இருபதில் ஒன்றாகிறது. சாட்சியோ இருபது மடங்காகிறது.

ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். சீட்டு வந்த தேதி, நேரம், இடம், பிரிவு, கெடு ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். அன்றே அந்த இடத்தைப் படமெடுங்கள். அநியாயச் சீட்டு எழுதப்பட்டபின் பலகை புதிதாக முளைத்தால், படம் மட்டுமே சாட்சி சொல்லும். தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். 1987-ம் வருடச் சட்டத்தின் 12-வது பிரிவு, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்கிறது. அது சலுகையல்ல, உரிமை.

அத்தோடு நின்றுவிடக்கூடாது. அபராதத்தை எதிர்ப்பது பாதி வேலைதான். 117-வது பிரிவின்படி எங்கள் வட்டாரத்திலே இன்னின்ன இடங்களை நிறுத்துமிடங்களாகக் குறித்துக் கொடுங்கள் என்று, வரைபடத்தோடு நகராட்சிக்கும் போலீஸ் இலாகாவுக்கும் மனுக் கொடுப்பதுதான் மறு பாதி. எந்த நேரத்தில் சரக்கு இறங்கும், எந்த இடத்தில் நின்றால் பாதசாரிக்கு இடைஞ்சல் இராது என்பது, அலுவலகத்திலே அமர்ந்திருப்பவரைவிட அந்தத் தெருவிலே வியர்வை சிந்துபவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் வரைந்து கொடுக்கட்டும், அதிகாரிகள் பரிசீலிக்கட்டும். மறுத்தால் காரணம் சொல்லட்டும்!

ஐநூறு ரூபாய் சிறு தொகை என்று சிலர் சொல்லலாம். சிறு தொகைதான், ஒருவரிடம் ஒரு தடவை வாங்கும்போது. ஊர் முழுவதும், நாள்தோறும், கேள்வி கேட்பாரின்றி வாங்கும்போது அதற்குப் பெயர் வேறு. சாலையைப் போட்டது மக்களின் வரிப்பணம். கல்லுடைத்ததும் தாரூற்றியதும் தொழிலாளியின் கை. அந்தச் சாலையிலே நியாயமாக நிற்கும் உரிமையை அவன் எவரிடமும் யாசிக்க வேண்டியதில்லை. சீட்டைப் படியுங்கள், பிரிவைப் பாருங்கள், நியாயமென்றால் கட்டுங்கள், அநியாயமென்றால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்!