ஒரு நாளைக்கு ஒன்பது கேன்

காலையில் எழுந்ததும் ஒரு லிட்டர், ராத்திரிக்குள் நாலு லிட்டர் தண்ணீர் குடித்தால் கிட்னி சுத்தமாகக் கழுவப்பட்டுவிடும் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் ஒரு செய்தி வரும். அனுப்புவது சித்தப்பா. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கழிவுநீக்க மண்டலம் என்ற தலைப்பின் கீழ் படித்து, படம் வரைந்து, பாகம் குறித்து மார்க் வாங்கிய நம் எல்லோருக்குமே சிறுநீரகம் என்றால் ஒரு சாக்கடைக் குழாய்தான்.

உண்மையில் அதன் உழைப்பில் பெரும்பங்கு கழிப்பதில் போவதில்லை; வெளியே விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்தான் போகிறது.

ஒவ்வொரு சிறுநீரகமும் சுமார் 150 கிராம் எடை. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டுக்கும் போகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து லட்சம் அளவில் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. ரத்த அழுத்தத்தில் அங்கே தண்ணீரும் அதில் கரைந்துள்ள சிறு பொருட்களும் வடிகின்றன. ரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. இப்படி ஒரு நாளில் வடிவது 180 லிட்டர். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேனில் ஒன்பது. உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவோ மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம். அதையேதான் திரும்பத் திரும்ப, நாளைக்கு அறுபது தடவை வடிகட்டுகிறது.

ஒன்பது கேனில் கடைசியில் சிறுநீராகப் போவது ஒன்றரை லிட்டர். மீதி அவ்வளவும் ரத்தத்துக்கே திரும்புகிறது. அதில் கரைந்திருக்கும் உப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வருகிறது. நாம் சாப்பாட்டில் சேர்த்துக்கொண்ட சில கிராமை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்கிறது. சர்க்கரையில் அந்தத் தாராளமும் கிடையாது. வடிந்த 180 கிராமையும் ஏறத்தாழ முழுசாக உள்ளே இழுத்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போதுதான் இழுத்து மாளாமல் சிறுநீரில் இறங்குகிறது. இப்போது சர்க்கரை நோய்க்குப் பரவலாக எழுதித்தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள், சர்க்கரையைத் திரும்ப இழுக்கும் இந்த வேலையை வேண்டுமென்றே தடுப்பவை.

எல்லாவற்றையும் வெளியே விட்டுத் திரும்ப எடுப்பானேன்? வேண்டாததை மட்டும் பொறுக்கிப் போட்டால் ஆகாதா? போகிக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்தவர்களுக்கு விடை தெரியும். பரண்மேலேயே உட்கார்ந்துகொண்டு எதைக் கழிக்கலாம் என்று யோசித்தால் ஒன்றும் கழியாது. அத்தனையையும் கீழே இறக்கி, வேண்டியதை மட்டும் மேலே ஏற்றினால், யாரும் தொடாத சாமான் தானாகக் கழிந்துவிடும். சிறுநீரகத்துக்கும் வேண்டியவை எவை என்று தெரிந்தால் போதும். போன வருடம் ஆய்வகத்தில் பிறந்த ஒரு ரசாயனத்தை, நம் முன்னோர் யாருடைய உடம்பும் கண்டிராத ஒன்றை, அது அடையாளம் காணவேண்டிய அவசியமே இல்லை. (எல்லா மருந்துக்கும் இதுவே வழி என்று நினைத்துவிட வேண்டாம். சிலவற்றைச் சிறுநீரகம் தேடிப் பிடித்தே தள்ளும். பலவற்றைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும்.)

தண்ணீருக்கு வருவோம். வடிந்த தண்ணீரில் பெரும்பகுதி, உப்பின் பின்னாலேயே போய் ஆரம்பக் கட்டத்திலேயே திரும்பிவிடும். இன்று எவ்வளவு விடலாம் என்ற முடிவு நெஃப்ரானின் கடைசிக் குழாயில் நடக்கிறது. உத்தரவு வருவது மூளையிலிருந்து. ஹைப்போதலாமஸில் சில செல்கள் ரத்தத்தின் அடர்த்தியை ஓயாமல் அளக்கின்றன. ஒரு சதவீதம் கெட்டிப்பட்டாலே போதும், வாசோப்ரெசின் என்ற ஹார்மோனின் சுரப்பு கூடிவிடும். அது வந்ததும் குழாயின் சுவரில் தண்ணீர் மட்டுமே நுழையக்கூடிய அக்வாபோரின் என்ற வாசல்கள் வந்து பொருந்தும். தண்ணீர் உள்ளே திரும்பும். இவ்வகை வாசல் ஒன்று உண்டென்று 1992இல் நிரூபித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நிறையக் குடித்தால் சுரப்பு அடங்கும், வாசல்கள் விலகும், தண்ணீர் வெளியேறும். நம் சிறுநீர் மிக நீர்த்திருக்கும்போதும் மிகக் கெட்டியாக இருக்கும்போதும் அடர்த்தியில் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். மது இந்தச் சுரப்பை அடக்கிவிடும். மறுநாள் காலை நாக்கு வறள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படி ஒரு காவல் இருக்கும்போது, நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் என்று எழுதியது. இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் கூடவே எழுதியது. இரண்டாவதைப் படிக்காதவர்கள் கிளப்பிவிட்டது என்று ஒரு கருத்து உண்டு. 2002இல் சிறுநீரகவியல் அறிஞர் ஹைன்ஸ் வால்ட்டின் தேடிப் பார்த்துவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு டம்ளர் கட்டாயம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றார். அதே வருடம் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் குடித்துக் குடித்து, ஓட்டம் முடியும்போது எடை கூடியிருந்தவர்களிடம் இது அதிகம்.

பொதுவாகத் தாகமே போதும். ஆனால் கிட்னியில் கல் வந்தவர்கள் அதை நம்பியிருக்கக் கூடாது. நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவுக்குக் குடிக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிப்போகும், அவர்களுக்கு ஞாபகப்படுத்த ஆள் வேண்டும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள், சாலையோரப் பந்தோபஸ்தில் இருக்கும் பெண் போலீஸார், இவர்களுக்குத் தாகம் நன்றாகவே எடுக்கிறது. போக இடமில்லை என்பதால் குடிக்காமல் இருக்கிறார்கள். நீர்க்கடுப்போடு வீடு திரும்புகிறார்கள். அவர்களுக்கு நாலு லிட்டர் உபதேசம் செய்வது அக்கிரமம். முதலில் கழிப்பறை கட்டட்டும்.

சித்தப்பாவின் செய்தியால் ஆபத்தே வரக்கூடியவர்கள் டயாலிசிஸில் இருப்பவர்கள். பலருக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுபோயிருக்கும். குடித்த தண்ணீர் முதலில் காலில் வீக்கமாக நிற்கும், மீறினால் நுரையீரலில் ஏறி மூச்சை அடைக்கும். ரசம், மோர், காபி, தர்பூசணி எல்லாமே தண்ணீர்க் கணக்கில் சேரும். டயாலிசிஸ் படுக்கையில் ஏறும் முன் எடை பார்ப்பார்கள். மூன்று கிலோ கூடியிருந்தால், சிறுநீரகம் இரண்டு நாளாக நிதானமாகச் செய்திருக்க வேண்டிய வேலையை மெஷின் நாலு மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். வேகமாக இழுத்தால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உப்பு உள்ளே போனால் ரத்தம் கெட்டிப்பட்டு மூளை தண்ணீர் கேட்கும். அந்தத் தாகத்தை வைராக்கியத்தால் வெல்வது கடினம். அதனால் பழகிய நோயாளிகள் தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைப்பதற்கு முன்னால் ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்திவிடுகிறார்கள்.