ஒரே யுத்தம், இரண்டு கரைகள்

யுத்தம் என்பது எங்கோ ஒரு தேசத்து எல்லையில் சேனைகள் நடத்தும் காரியம் என்றும், நம்முடைய உலைக்கும் வலைக்கும் அதனோடு யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் எண்ணி ஆறுதல் கொள்வது மனித சுபாவம். பழவேற்காட்டு ஏரியின் மேற்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்குளத்தில் பிறந்து வளர்ந்து, மேற்படிப்பின் பொருட்டுப் பெர்லின் நகரில் சில காலம் வசித்த எனக்கு, அந்த ஆறுதல் எவ்வளவு ஆதாரமற்றது என்பது 2022-ஆம் ஆண்டில் பிரத்தியட்சமாக விளங்கிற்று. யுத்தத்தால் துரத்தப்பட்டவனுக்கு வாழ்வு திரும்பக் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அவன் ஒதுங்கிய கரையின் சட்டத்தைப் பொறுத்ததே என்னும், அதனினும் முக்கியமான உண்மையும் அங்கேதான் எனக்குப் புலப்பட்டது.

அந்த ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் பிரவேசித்தன. சில வாரங்களுக்குள் பெர்லின் கடைகளில் சூரியகாந்தி எண்ணெய் வைக்கும் அடுக்குகள் வெறுமையாயின; ஒருவருக்கு இத்தனை புட்டிதான் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதே நாட்களில் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய என் தாயார், "எண்ணெய் விக்கிற விலையில மீனை எங்க வறுக்கிறது, குழம்புதான் வைக்கிறேன்" என்றார். யுத்தத்திற்கு முன் இந்தியா தனக்கு வேண்டிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதியை உக்ரைனிலிருந்தே தருவித்து வந்ததால், கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டபோது எங்கள் அடுப்பங்கரையும் அதை உணர்ந்தது. குளிர்காலம் நெருங்கவே, தன் எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து பெற்றுப் பழகியிருந்த ஜெர்மனி, பொது அலுவலகங்களை 19 டிகிரிக்கு மேல் சூடாக்கலாகாது என்று விதி செய்தது. நாங்கள் நூலகத்தில் மேலங்கியைக் களையாமலே படித்தோம். அதே யுத்தத்தின் தொடர்ச்சியாக, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி சுமத்தி, மொத்த வரியை 50 சதவீதமாக்கியபோது, இறால் ஏற்றுமதியை நம்பிய கரையோரங்கள் எல்லாம் கலங்கின.

ஆயினும் எண்ணெயும் எரிவாயுவும் அல்ல என் நெஞ்சில் நின்றவை. பெர்லின் மத்திய ரயில் நிலையத்தில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான தாய்மாரும் குழந்தைகளும் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு எதிரே, "இரண்டு பேருக்கு அறை உண்டு", "எத்தனை நாளும் தங்கலாம்" என்று அட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு, முன்பின் அறியாத நகரவாசிகள் வரிசையாக நின்றார்கள். அந்தக் கருணையைக் கருணையோடு விட்டுவிடாமல், 2001-ஆம் ஆண்டில் இயற்றி அதுவரை ஒருமுறையேனும் பிரயோகிக்காதிருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 4 அன்று அமலுக்குக் கொண்டுவந்து, வந்தவர்களுக்குக் குடியிருக்கவும் வேலை செய்யவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் உரிமை அளித்தது. யுத்தம் தொடங்கி பத்து நாட்கள்கூட ஆகவில்லை.

அதே உக்ரைனில் ஏறத்தாழ 20 ஆயிரம் இந்தியர் இருந்தனர். பெரும்பாலோர் மருத்துவ மாணவர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களிடையே அநேகர். கார்கிவ் நகரில் உணவு வாங்கச் சென்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் மாண்டார். சுமி நகரில் தண்ணீர் இன்றிப் பனியை உருக்கிக் குடித்த மாணவர்களை மார்ச் 8-ஆம் தேதிதான் வெளியேற்ற முடிந்தது. குறுகிய கால அனுமதியில் அங்கே படித்த அயல்நாட்டு மாணவர்களுக்கு ஐரோப்பாவின் புதிய பாதுகாப்பு இயல்பாக உரித்தாகவில்லை. அவர்களைக் காத்தது அவரவர் சட்டைப் பையிலிருந்த கடவுச்சீட்டே. அதைக் கண்டுதான் இந்திய அரசு 'ஆபரேஷன் கங்கா' என்ற பெயரில் ருமேனியா, ஹங்கேரி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து விமானங்களில் ஏற்றி வீடு சேர்த்தது. பிரஜை என்று ஒரு தேசம் ஒருவனை ஒப்புக்கொள்வதன் அருமை ஆபத்துக் காலத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது.

பெர்லினில் இலங்கைத் தமிழர் எழுப்பிய மயூரபதி முருகன் ஆலயம் ஒன்றுண்டு. அங்கே ஒரு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், நான் எந்த ஊர் என்று விசாரித்தார். சுண்ணாம்புக்குளம் என்றால் அறியமாட்டார் என்று எண்ணிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் என்றேன். அவர் முகம் மாறிற்று. "தம்பி, என்ரை அக்கா குடும்பம் அந்தக் கும்மிடிப்பூண்டி முகாமிலைதான் இருக்குது" என்றார். 1980-களில் இலங்கையின் உள்நாட்டு யுத்தத்திற்குத் தப்பிக் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்த ஆயிரக்கணக்கான ஈழத்து இளைஞருள் அவரும் ஒருவர். ஆரம்பத்தில் அவருக்கும் அவமதிப்புகளும் காத்திருப்பும் இருந்தன; ஆனால் காலக்கிரமத்தில் பிரஜை ஆனார்; பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றார்கள். படகேறித் தமிழ்நாட்டுக் கரை சேர்ந்த அக்காளோ, முப்பது ஆண்டுகள் கழித்தும் முகாம்வாசி. அக்காளின் பேரப்பிள்ளைகளும் முகாம்வாசிகள்.

அந்த அகதிகள் முகாம் எனக்குப் புதியதன்று. எங்கள் தாலுகாவின் தலைமையிடம் கும்மிடிப்பூண்டி. அங்குள்ள மேல்நிலைப் பள்ளியில் முகாம் பிள்ளைகள் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தார்கள். அவர்களுள் கணக்கில் என்னைக் காட்டிலும் கெட்டிக்காரனாக இருந்த ஒருவன் இப்போது பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறான். அவன் இந்த மண்ணிலேயே பிறந்தவன். ஆயினும் 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆதலின் அவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. அரசு உத்தியோகத்திற்கு விண்ணப்பிக்கும் தகுதி இல்லை. நான் வெளிநாட்டு மாணவன் ஆனதற்கு என் மதிப்பெண் ஒரு காரணம் என்றால், அவன் ஆகாமற் போனதற்கு அவன் மதிப்பெண் காரணமே அன்று.

பழவேற்காட்டுக் குப்பங்களில் பாடு என்றொரு முறை உண்டு. ஏரியில் மீன் நிறைய விழும் இடங்கள் சிலவே என்பதால், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை இடுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். சண்டை மூளாதிருக்க முன்னோர் கண்ட உபாயம் அது. நெடுங்காலம் சமாதானத்தைக் காத்தும் வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சமாதானம் பாட்டில் பங்குடைய குடும்பங்களுக்கு மாத்திரமே; பங்கில்லாதவன் அதே தண்ணீரில் நின்றாலும் நல்ல இடத்தில் வலை வைக்க முடியாது. குடியுரிமையும் அத்தன்மையதே. உள்ளே இருப்பவனுக்கு அது கண்ணுக்கே தெரியாது. வெளியே நிற்பவனுக்கோ ஒவ்வொரு காலடியிலும் அது தட்டுகிறது.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மாதாந்திர உதவித்தொகை, ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. 2021-இல் மாநில அரசு அகதிகள் முகாம் என்ற பெயரையே மாற்றி மறுவாழ்வு முகாம் ஆக்கி, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாக அறிவித்தது. முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், வெளியே காவல் நிலையத்தில் பதிந்து சுமார் 34 ஆயிரம் பேரும் வாழ்வதாக அப்போது சட்டமன்றத்தில் கூறப்பட்டது. 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இவை நன்றிக்குரியவை. ஆனால் தண்டிக்கமாட்டோம் என்பது வேறு, நீ எங்களவன் என்பது வேறு. அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்த சில மதத்தாருக்குக் குடியுரிமை வழி திறந்த 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இலங்கையில் 2009-இல் யுத்தம் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பர் சிலர். போக விரும்புவோர்க்கு வழி தாராளமாகத் திறந்திருக்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கும்மிடிப்பூண்டியில் பிறந்து, கும்மிடிப்பூண்டித் தமிழ் பேசி, கடலுக்கு அப்பால் ஒரு வீட்டையும் அறியாத பிள்ளையைத் திரும்பிப் போ என்பதில் என்ன பொருள் இருக்கிறது? இம்முகாம்களில் மலையகத் தமிழரும் இருக்கிறார்கள். தோட்ட வேலைக்கென இந்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியார் அவர்கள். அவர்களுள் பெருந்தொகையினரை ஏற்பதாக 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவே வாக்களித்திருந்தது.

இன்று உக்ரைனுக்காகவும் காஸாவுக்காகவும் நம் இளைஞர் பரிதவிக்கிறார்கள். அந்தப் பரிதவிப்பு மெய்யானது, வேண்டியதும்கூட. தூரத்து யுத்தங்களை நிறுத்தும் வல்லமை நமக்கு இல்லாதிருக்கலாம். முடிந்துபோன ஒரு யுத்தம் நம் வாசலில் விட்டுச்சென்ற அநியாயத்தை நிறுத்தும் வல்லமை நம் நாடாளுமன்றத்திற்கு உண்டு. முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு முதலிலும், அவர்தம் பெற்றோருக்கு அடுத்தும், விரும்பினால் இந்தியப் பிரஜையாகும் உரிமையைச் சட்டத்தின் மூலம் அளிக்க வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி இதனை வற்புறுத்த வேண்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம் நாமும் இதைக் கேட்க வேண்டும்.