பிளஸ்தான் எர்த்: பொனட்டுக்குள் ஒரு வரி எழுதுங்க

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் பழைய கார்களுக்குத் தனி மவுசு. கிரகரி வாவிப் பக்கம் ஒரு மொரிஸ் மைனர் நின்றால் போதும், செல்ஃபி எடுக்க ஆள் சேர்ந்துவிடும். "அந்தக் காலத்து இரும்பு" என்று புகழவும் ஆள் இருக்கும். எங்கள் கோரிக்கை அதைவிடச் சின்னது. அந்தக் காரின் பொனட்டைத் திறந்தால், பெட்டரிக்குப் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் ஒரு வரி இருக்க வேண்டும்: "இந்த வண்டியில் பிளஸ்தான் எர்த்." இதை எழுதாமல் விடுவதை வெறும் சோம்பல் என்று நாங்கள் நினைக்கவில்லை. அது அநியாயம். ஏன் என்று சொல்கிறோம்.

இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற வேன், த்ரீவீல், ஜப்பான் கார் எதை எடுத்தாலும் பெட்டரியின் மைனஸ் முனைதான் பாடி இரும்போடு சேர்ந்திருக்கும். பிளஸ் முனையிலிருந்து வயர் வெளியே போகும், திரும்பி வருகிற வழி பாடியே. 1930களின் நடுவிலிருந்து 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் இது தலைகீழ். மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பழைய லேண்ட் ரோவர் எல்லாம் பிளஸ்ஸைப் பாடியோடு கட்டிய வண்டிகள். அப்படிக் கட்டினால் செம்பு முனைகள் அவ்வளவாக அரிக்காது, பிளக்குக்கும் நல்லது என்பது அந்தக் கால எஞ்ஜினியர்களின் எண்ணம். பிறகு ட்ரான்சிஸ்டர் ரேடியோ வந்தது, டைனமோ போய் அல்டர்னேட்டர் வந்தது, உலகமே மைனஸ் எர்த்துக்கு மாறியது. நம்ம ஊர் மைனர்கள் மட்டும் மாறவில்லை. இன்னும் மோசம், சிலது மாறிவிட்டது, சிலது மாறவில்லை. வெளியில் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது.

"அதுதான் பழைய கதையாச்சே, இப்ப என்ன?" என்று கேட்பவர்களுக்கு. மொரிஸ் மைனர் 1948இல் வந்தது, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். மற்ற நாடுகளில் அது காட்சிப்பொருளானது. இலங்கையில் அப்படி ஆக வழியே இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதியை இறுக்கினார்கள். 1977 வரை கிட்டத்தட்ட அதே நிலைமை. இடையில் 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. வெள்ளைக்காரத் தொரைமார் போனார்கள், அவர்கள் ஓட்டிய வண்டிகள் பல இங்கேயே கைமாறின. தொரை போன கார் பிறகு ஹயர் ஓடியது, கல்யாணத்துக்குப் போனது, லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றியது. 2020 மார்ச்சில் மறுபடி வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். ஆக, இங்கே பழைய காரைப் பழுதுபார்ப்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, சிலருக்குப் பிழைப்பு.

சரி, பெட்டரியை மாற்றிப் போட்டால் என்ன நடக்கும்? உடனே புகை வந்தால் நல்லது, தெரிந்துவிடும். பழைய வண்டியில் பெரும்பாலும் அப்படி வராது. அதுதான் ஆபத்து. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சரியான பக்கமே சுற்றும். அதன் உள்ளே இருக்கிற இரண்டு சுருளிலும் கரண்ட் ஒரே நேரத்தில் திரும்புவதால் சுற்றும் திசை மாறாது. லைட் எரியும், ஹோர்ன் அடிக்கும். பார்ப்பவனுக்கு எல்லாம் ஓகே.

கோளாறு டைனமோவில் தொடங்கும். டைனமோவின் இரும்பில் பழைய காந்தம் கொஞ்சம் தங்கியிருக்கும், அதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் பிளஸ் என்று "நினைவில்" வைத்திருக்கிறது. பெட்டரியை மாற்றினாலும் அந்த நினைவு மாறாது. எஞ்ஜின் ஓடி, கட்-அவுட் மூடும்போது டைனமோவும் பெட்டரியும் ஒன்றையொன்று எதிர்ப்பதற்குப் பதிலாக ஒன்றோடொன்று சேர்ந்து தள்ளும். பெரிய கரண்ட் பாயும். கட்-அவுட்டின் முனைகள் கருகும், சில நேரம் ஒட்டிக்கொள்ளும், வயர் சூடேறும்.

கொயிலின் கதை இன்னும் நுட்பம். பிளக்கின் நடு முனை மைனஸாக இருந்தால் பொறி சுலபமாகப் பாயும், ஏனென்றால் அந்த முனைதான் சூடு அதிகம். கொயில் வயரை மாற்றாமல் பெட்டரியை மட்டும் மாற்றினால் பொறிக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். சமதரையில் வண்டி ஓடும், யாருக்கும் தெரியாது. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது, ஆளும் சாமானும் நிறைய இருக்கும்போது, எஞ்ஜின் இழுக்காமல் விக்கும். உடனே காபரேட்டரைக் கழற்றுவார்கள், பெட்ரோலைக் குறை சொல்வார்கள். ஒருவர் தட்டையான ரோட்டில் பத்து வருஷம் கவனிக்காமல் ஓட்டலாம். மலைநாட்டில் ஏத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போதைய சாமான்களுக்கு இந்த அவகாசமே கிடையாது. அல்டர்னேட்டரின் டயோட் ஒரு நொடியில் போய்விடும். எலக்ட்ரோனிக் இக்னிஷன், புளூடூத் செட் எல்லாம் அதே கதி. எல்ஈடி பல்ப் எரியவே எரியாது.

இன்னொன்று, பனிக்காலக் காலையில் நடப்பது. மைனர் ஸ்டார்ட் ஆகவில்லை, பக்கத்தில் வேனை நிறுத்தி ஜம்ப் வயர் போடுகிறார்கள். "மைனஸ் கிளிப்பை எங்கேயாவது இரும்பில மாட்டு தம்பி" என்பது எல்லோருக்கும் பழகிய பேச்சு. பிளஸ் எர்த் வண்டியில் அந்த இரும்பே பிளஸ். இரண்டு வண்டியின் பம்பரும் உரசி நின்றாலே ஷோர்ட்.

இப்போது நியாயத்துக்கு வருவோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி ஓ.எல். முடித்துவிட்டு ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். புது பெட்டரி மாட்டச் சொன்னார்கள். அதுவரை அவன் மாட்டிய எல்லா வண்டியிலும் போல மைனஸைப் பாடியில் மாட்டினான். கார்க்காரர் புதிதாகப் போட்ட செட் எரிந்தது. காசு அவன் சம்பளத்தில் கழிந்தது. "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டார்களாம். தெரிந்தவர் மூன்று பேர் அங்கே இருந்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. வண்டியும் சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளை கராஜில் கற்றுக்கொள்வது முழுக்கக் கண்ணாலும் காதாலும்தான். வேர்க்ஷொப் மெனுவல் இங்கிலீஷில் இருக்கிறது, அதுவும் முதலாளி வீட்டு அலுமாரியில். சொல்லிக்கொடுக்காத ஒன்றுக்கு அபராதம் வாங்குவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இதற்கு இரண்டு பதில் வரும் என்று தெரியும். ஒன்று, "தொழில் ரகசியம், பாஸ்மார் அனுபவத்தில் பிடித்தது." அந்த அனுபவத்தை நாங்கள் மதிக்கிறோம். 1990களில் மைனர் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். கார் பிறந்த நாட்டுக்கே சாமான் அனுப்பிய கைகள் இவை. அந்தக் கைத்திறன் ஒரு வரியில் எழுதினால் குறைந்துபோகாது. எழுதாவிட்டால் அந்த பாஸ் கண்ணை மூடுகிற அன்றைக்கு அவரோடேயே போகும்.

இரண்டாவது, "எல்லாவற்றையும் மைனஸுக்கு மாற்றிவிட்டால் முடிந்தது." மாற்றலாம், தப்பில்லை. தினமும் ஓடுகிற வண்டி என்றால் மாற்றுவதே நல்லது என்பதும் எங்கள் கட்சி. ஆனால் முழுதாக மாற்ற வேண்டும். பெட்டரி முனைகளை மாற்றி, பிளஸ் முனை தடிப்பானது என்பதால் கிளிப்பையும் மாற்ற வேண்டும். கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். அம்மீட்டர் இருந்தால் அதன் வயரையும். பிறகு டைனமோவுக்குப் புது நினைவு கொடுக்க வேண்டும்: 'எஃப்' முனையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, பெட்டரியில் பாடியோடு சேராத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த 'எஃப்'பில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுக்க வேண்டும். பொறி வரும், அதனால் தொடுவதை டைனமோ பக்கம் செய்யுங்கள். பெட்டரியிலிருந்து வருகிற வாயு தீப்பிடிக்கும். பாதி மாற்றிவிட்டு விற்கிற வண்டிதான் அடுத்தவனுக்குப் பொறி. மாற்றினாலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

எழுத்து இல்லாத வண்டி கைக்கு வந்தால்? பழைய பெட்டரியைக் கழற்றுமுன் பாருங்கள்: பாடியில் போல்ட் போட்ட தடித்த பட்டை எந்த முனையிலிருந்து வருகிறது? போனில் ஒரு படம் எடுங்கள். அம்மீட்டர் உள்ள வண்டியில் எஞ்ஜினை ஓட்டாமல் ஹெட்லைட்டைப் போடுங்கள், முள் டிஸ்சார்ஜ் பக்கம் போக வேண்டும். சார்ஜ் பக்கம் போனால் யாரோ எங்கேயோ தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். கேட்காமல் எதையும் சேர்க்காதீர்கள். கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

கார் வைத்திருக்கிற அண்ணன்மார், அங்கிள்மாருக்கு: பெயின்டுக்கும் குரோமுக்கும் செலவழிக்கிறீர்கள். ஒரு மார்க்கர் பேனாவுக்கும் ஒரு துண்டு ஸ்டிக்கருக்கும் எவ்வளவு ஆகும்? இந்தக் கிழமையே எழுதுங்க. பிளஸ் என்றால் பிளஸ், மைனஸ் என்றால் மைனஸ், மாற்றின திகதியோடு. கராஜ் நடத்துகிறவர்களுக்கு இன்னும் ஒன்று: எழுத்து இல்லாத வண்டியில் பெட்டரி எரிந்தாலும் செட் எரிந்தாலும், வேலைக்கு வந்த பையனின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.