சைக்கிள் ஊரில் சைக்கிளுக்கு இடமில்லை!

அமெரிக்காவில் மோவாப் என்ற பாலைவன ஊரில், 1969-இல் மோட்டார் சைக்கிள்களுக்காகப் பாறைமேல் ஒரு தடம் குறித்தார்கள். இன்று அது சைக்கிள்காரர்களின் க்ஷேத்திரம்!

நம் அம்பத்தூரோ, 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்து நாடெங்கும் அனுப்பிய ஊர். அங்கே ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிறவன் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான். நடப்பவருக்கும் சைக்கிளுக்குமாகச் சென்னை மாநகராட்சி 2014-இல் கொள்கை வகுத்தது. வாஸ்தவம். சைக்கிள் காகிதத்தில் ஓடுமா, ஐயா?

கியர் வைத்த மலைச் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு, ஞாயிறுதோறும் கரடுமுரடான தடம் தேடிப் புறப்படும் கனவான்களே! உங்களுக்கு அது விளையாட்டு, அவனுக்குப் பிழைப்பு. முதலில், சாலையோரத்தில் அவனுக்கு மூன்றடி மண் கேளுங்கள்.