கண்ணுக்குத் தெளிந்த எண்ணெய்

கண்ணாடிக் குடுவையில் எண்ணெயை ஊற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "நன்றாயிருக்கிறது, நிறம் மாறவில்லை" என்று கூறி மூடிவைக்கும் வழக்கம் தொழிற்கூடங்கள் பலவற்றில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பொறி வாங்குவதற்குப் பொருளை அள்ளி இறைப்பவரே, அப்பொறியைக் காக்கும் எண்ணெய்க்குக் கண்ணளவைக் கணக்காகக் கொள்ளுதல் என்ன அறிவுடைமை? மாந்தக் கண்ணுக்குத் தனித்துப் புலப்படும் துகள் ஏறத்தாழ நாற்பது மைக்கிரான் பருமையேனும் உடையதாதல் வேண்டும். மைக்கிரானாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரங்கூறிட்டதில் ஒரு கூறு. பொறியைத் தின்னும் துகள்களோ பெரும்பாலும் ஐந்தும் பத்துமாகிய மைக்கிரான் அளவின. ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் அவை பல்லாயிரமாக மிதந்தாலும் கண் அறியாது. எண்ணெய் தேன்போல் தெளிந்தே தோன்றும்.

உயவு என்பது இன்று கட்டிய சொல் அன்று. வண்டியச்சுக்கு இட்ட நெய்யை உயவுநெய் என்று வழங்கியது தமிழ். புழுதியேறிய பழைய மசகை வழித்தெறிந்த பின்னரே புதியதை இடவேண்டும் என்பது வண்டியோட்டிக்கு எவரும் கற்பித்த பாடம் அன்று. அவ்வண்டியோட்டியின் அறிவு, பல கோடி உருவா விலையுள்ள காற்றாலைக்கு வந்தவுடன் எங்கே போயிற்று?

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் காற்றாலைகளை எடுத்துக்கொள்க. அவற்றுட் பலவற்றில் மெல்லச் சுழலும் இறக்கைகளின் சுழற்சியை, மின்னாக்கிக்கு வேண்டிய மணித்துளிக்கு 1,500 சுற்றளவுக்கு உயர்த்துவது உச்சியிலுள்ள பல்லுருளைப் பெட்டி. தொழிலாளர் இதனைக் கியர்பெட்டி என்பர். அதனுள் பல்லும் பல்லும் பொருந்துமிடத்திலும், பேரிங்கு எனப்படும் தாங்கியின் உருளையும் வளையமும் உருளுமிடத்திலும் நிற்கும் எண்ணெய்ப்படலம் ஒரு மைக்கிரான் அளவினது, அல்லது அதனினும் மெல்லியது. வன்மையான மணற்றுகள் ஒன்று அவ்விடத்துப் புகுமாயின் எஃகின்மேல் அழுந்திக் குழி செய்கிறது. குழியின் விளிம்பு சற்றே மேலெழுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தமெல்லாம் அவ்விளிம்பின்மேல் விழ, நாளடைவில் அங்கே எஃகு பெயர்ந்து செதிலாகிறது. பெயர்ந்த செதிலும் எண்ணெயிற் கலந்து அடுத்த குழியைத் தோண்டப் போகிறது. மாசு மாசை ஈனுகிறது. காற்று மிகும் ஆனி, ஆடியில் பெட்டி முறிந்தால், மாபெரும் பளுத்தூக்கி வரும்வரை ஆலை வாளா நிற்கும்.

இதனை முன்னறிவதற்கே துகள் எண்ணும் ஆய்வு. எண்ணெயை நுண்ணிய வாய்க்கால் ஒன்றின் வழியே ஓட்டி, குறுக்கே ஒளியைப் பாய்ச்சினால், ஒவ்வொரு துகளும் ஒரு நிழலை வீழ்த்தும். நிழலின் அளவு துகளின் அளவு. நிழல்களின் தொகை துகள்களின் தொகை. அமெரிக்க வான்வெளித் தொழில்துறை 1964இல் இதற்கென ஒரு வகுப்புமுறையை வகுத்தது. ஐ.எசு.ஓ. எனப்படும் பன்னாட்டு நிறுவனம் 1987இல் தன் 4406ஆம் தரமுறையை வெளியிட்டது. முதலில் இரண்டெண்களாக இருந்த அக்குறி 1999இல் மூன்றெண்களாயிற்று. 4, 6, 14 மைக்கிரானும் அவற்றுக்கு மேலும் உள்ள துகள்கள் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்பதை அம்மூன்றும் முறையே காட்டும். 18/16/13 என்றால், நான்கு மைக்கிரானும் மேலும் உள்ளவை 1,300க்கும் 2,500க்கும் இடையில், ஆறும் மேலும் உள்ளவை 320க்கும் 640க்கும் இடையில், பதினான்கும் மேலும் உள்ளவை 40க்கும் 80க்கும் இடையில் என்பது பொருள். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைப் பெட்டிக்கு இதுவே தக்க எல்லை எனத் துறையறிஞர் வகுத்துள்ளனர்.

ஈண்டுப் பலரும் இடறி விழுகின்றனர். இவ்வெண்களில் ஒரு படி ஏறுவது ஒன்று கூடுவதன்று, இரட்டிப்பது. 18 என்பது 21 ஆனால், "மூன்றுதானே கூடிற்று" என்று ஆறியிருப்பவர், துகள்கள் எட்டு மடங்காய்ப் பெருகியதை அறியாதவர்.

இன்னொரு மயக்கம் புத்தெண்ணெயைப் பற்றியது. முத்திரை உடையாத பீப்பாயில் வந்தது தூயதாகத்தான் இருக்கும் என்பது நம்பிக்கையேயன்றி அளவீடன்று. காற்றாலைப் பெட்டிக்குள் புதிதாக ஊற்றும் எண்ணெய் 16/14/11 என்ற அளவுக்கேனும் தூயதாயிருத்தல் வேண்டும் என்பது முறை. பீப்பாயிலிருந்து வருவது பெரும்பாலும் அவ்வளவைத் தொடுவதில்லை. வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாய் பகல்வெப்பத்தில் காற்றை வெளிவிட்டு, இரவின் குளிரில் மேலே தேங்கிய மழைநீரை மூடியின் வழியே உறிஞ்சும். போதாக்குறைக்கு, மூலையிற் கிடந்த வைத்தூற்றியைப் பழந்துணியால் துடைத்து அதன்வழி ஊற்றுவர். துணியின் நாரும் துகள்தானே! புத்தெண்ணெயையும் வடிகட்டி, எண்ணிப் பார்த்த பின்னரே ஊற்றுதல் வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அது கொதித்துக் கலந்த சோற்றுக்குப் பொருந்தும். நெடுநேரம் நின்றுபோன பொறியின் அடிக்குழாயைத் திறந்து பிடித்த எண்ணெய், அடியில் தங்கிய வண்டலுக்குப் பதமேயன்றி ஓடும் எண்ணெய்க்குப் பதமாகாது. வடிகட்டிக்குப் பின்னே எடுத்தாலோ வடிகட்டியின் புகழைத்தான் பாடும். பொறி ஓடி எண்ணெய் சூடேறியிருக்கையில், கலங்கி ஓடும் இடத்தில், வடிகட்டிக்கு முன்னே, குழாய்வாயிற் படிந்த அழுக்குப் போகச் சிறிது ஓடவிட்டுக் கழித்த பின்னரே, தூய்மை உறுதிசெய்த புட்டியில் பதக்கூறு எடுத்தல் வேண்டும். பழைய மருந்துப் புட்டியைக் கழுவி எடுத்துச் செல்வதினும் ஆய்வு செய்யாமலே இருப்பது மேல், பொய்க்கணக்கேனும் மிஞ்சாது.

எண்ணும் கருவியும் தவறாக் கடவுளன்று. காற்றுக்குமிழியும் நீர்த்துளியும் நிழல் வீழ்த்தும். அவற்றையும் அது துகளென்றே எண்ணும். எண்ணிக்கை திடுமென உயர்ந்தால், எண்ணெயை மென்படல வடிதாளில் வடித்து நுண்ணோக்காடியில் பார்த்தலே வழி. மின்னும் செதில் மாழை, பளிங்குபோல்வது மணல், செந்நிறம் துரு. எவ்வளவு என்பதற்குக் கருவி விடை கூறும். எது, எங்கிருந்து வந்தது என்பதற்குக் கண்ணும் அறிவும் வேண்டும். எண்ணெயிலுள்ள மாழைகளின் அளவை ஒளிமாலைக் கருவியால் காட்டும் வேறோர் ஆய்வும் உண்டு. அது பத்து மைக்கிரானை மீறிய துகள்களைப் பெரும்பாலும் காணாது. அவ்வொன்றை மட்டும் செய்து, "இரும்பு குறைவு, அஞ்சற்க" என்று எழுதப்பெற்ற தாளை நம்பியிருத்தல் பெருங்கேடு.

இத்தாள்கள் யாரை அடைகின்றன என்பதே இறுதி வினா. ஆங்கிலத்தில் அச்சான ஆய்வுத்தாள் அலுவலகக் கோப்பில் அடங்கிவிடுமானால், ஐம்பது மீட்டரும் அதற்கு மேலும் ஏறிப் பதக்கூறு எடுத்த தொழிலாளி அதைக் காண்பது எப்போது? புட்டியைத் திறந்துவைத்து வியர்வை துடைத்ததன் பயன் இன்னதென அவனுக்குக் கூறாதவர், அவன் கவனமாக எடுக்கவில்லை எனக் குறைகூற உரிமையற்றவர். எண்களுக்கு மொழியில்லை. அவற்றின் பொருளை விளக்கத் தமிழ் ஒருநாளும் போதாமற் போனதில்லை. வைகாசியில் காற்று எழுமுன் எடுத்த அளவையும் சென்ற ஆண்டின் அளவையும் நாளிட்டு, பக்கம் பக்கமாக, ஆலைத்தூணின் அடிக்கதவுக்கு உட்புறம் தமிழில் எழுதி வைக்க ஒரு பலகையும் ஒரு சுண்ணக்கோலும் போதும்.