அரிவாள் என்னும் சொல்

நாளிதழைப் பிரித்தால் 'அரிவாள் வெட்டு' என்னும் தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. அதைப் படித்து வளரும் பிள்ளைகள், அரிவாள் என்பது அடியாட்களின் ஆயுதம் என்றே எண்ணிவிடக்கூடும். உழவரும் நெசவாளரும் கூடியுள்ள நம் சங்கங்கள் இதனைக் கண்டும் வாளா இருத்தல் தகாது என்பது நம் கருத்து.

அரிதல் என்றால் அறுத்தல். அரி என்னும் வினையோடு வாள் சேர்ந்து அரிவாள் ஆயிற்று. மலையாளத்திலும் இச்சொல்லே வழங்குகிறது. வாள் என்றதும் போர்க்களம் நினைவுக்கு வரலாம். ஆனால் மரம் அறுக்கும் ரம்பத்திற்கும் தமிழில் வாள் என்ற பெயருண்டு. அறுத்துப் போடும் கதிர்க்கற்றை அரி. அறுத்தபின் வயலில் நிற்கும் அடித்தட்டை அரிதாள். கதிர் அறுக்கப் பல்வைத்த கருக்கரிவாள், பனையேறிக்குப் பாளை அரிவாள், அடுக்களையில் அரிவாள்மணை என, இக்குடும்பம் முழுவதும் சோறு தரும் குடும்பமே.

பேச்சில் அருவாள் என்கிறோம்; அறுவாள் என எழுதுவோரும் உளர். அறு என்பதற்கும் வெட்டுதலே பொருளாதலால் கருத்துக் கெடவில்லை. அந்த அறு என்னும் வினைதான் நம் இரு தொழில்களையும் இணைக்கிறது. வயலில் அறுப்பது அறுவடை. தறியில் நெய்து அறுத்தெடுத்த ஆடைக்குப் பழந்தமிழில் அறுவை என்று பெயர். துணி என்பதும் துணித்தல், அதாவது துண்டாக்குதல், என்பதிலிருந்து வந்ததே. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். துணி வாணிகம் அவர் பெயரிலேயே நிற்கிறது. இன்றோ அறுவை என்றால் மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது. நெசவாளர் ஒரு சொல்லை இவ்வாறு இழந்தோம். உழவரும் ஒன்றை இழக்க வேண்டுமா?

அறுவடை இயந்திரம் வேண்டா என்று நாம் வாதிடவில்லை. அறுப்புக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் அது பேருதவியே. ஆனால் கருவி பரணுக்கு ஏறும்போது அதன் பெயரும் உடன் ஏறிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு சங்கமும் அடுத்த பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர்களையும் ஊர்க் கொல்லரையும் கேட்டு, வயலிலும் தறியிலும் வழங்கும் கருவிப் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டுகிறோம். இதற்குச் செலவு ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதுமே.

அரிவாள் என்பது வினைத்தொகை. அரிந்த வாள், அரிகின்ற வாள், அரியும் வாள் என முக்காலமும் அதில் அடங்கும். இறந்தகாலம் மட்டும் அதில் எஞ்சிவிடாமல் காப்பது உறுப்பினர்களாகிய நம் கடமை.